நார் போகும் வழியில் உளி

மரக் கடைசல் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, மரத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரமான லேத்தில் எதை வாங்கலாம் என்பதுதான். பதில் சொல்வதற்கு முன் ஒரு விறகுக் கட்டையையும் கைக்கோடரியையும் கொடுத்து, இதை நீளவாக்கில் பிளந்து பாருங்கள் என்பேன். ஓரிரு போடில் பிளந்துவிடும். பிறகு அதே கட்டையைக் குறுக்கே வெட்டச் சொல்வேன். கோடரி திணறும். மரம் என்பது நீளவாக்கில் நெருக்கமாக ஒட்டிக்கிடக்கும் நார்க்கற்றை. லேத்தில் போடும் ஒவ்வொரு வெட்டும் ஒன்று அந்த நாரை அரிகிறது, இல்லை என்றால் நாருக்கு இடையில் புகுந்து கிழிக்கிறது. ஒரு கிண்ணம் காயும்போது ஏன் கோணுகிறது, எங்கே விரிசல் விடும், உளி ஏன் திடீரென்று கவ்வுகிறது, உப்புத்தாள் போட்டும் ஏன் ஓரிடம் சொரசொரப்பாகவே இருக்கிறது என்று எதைக் கேட்டாலும், நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதில்தான் பதில் இருக்கிறது. பல வருடங்களாகக் கிண்ணமும் குடுவையும் கடைந்துவரும் எனக்கு, இயந்திரத்தைப் பற்றிச் சொல்வதைவிட இதைப் பற்றிச் சொல்லத்தான் அதிகம் இருக்கிறது.

கடைசலில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் நார் லேத்தின் அச்சோடு சேர்ந்து நீளவாக்கில் ஓடும். நாற்காலிக் கால், உளிப்பிடி, பம்பரம், சதுரங்கக் காய் எல்லாம் இந்த வகை. பருத்த இடத்திலிருந்து மெலிந்த இடத்தை நோக்கி உளி இறங்க வேண்டும் என்பதுதான் இதில் விதி. பென்சில் சீவும்போது கத்தி உடம்பிலிருந்து முனையை நோக்கித்தானே போகிறது? முனையிலிருந்து உடம்புப் பக்கம் சீவப் பார்த்தால் கத்தி குத்தி நின்றுவிடும். காரணம் நார்தான். சரியான திசையில் போகும்போது, அறுபடும் நாருக்கு அடியில் அதைவிட நீளமான நார் முட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்கும்.

இன்னொரு வகை கிண்ணம், தட்டு, தாம்பாளம் போன்றவை. இவற்றில் நார் அச்சுக்குக் குறுக்கே படுத்திருக்கும். அதனால் விதி தலைகீழாகத் தோன்றும். வெளிப்புறத்தை அடியிலிருந்து வாய் நோக்கி, அதாவது சிறிய விட்டத்திலிருந்து பெரிய விட்டத்துக்கு வெட்ட வேண்டும். உட்புறத்தை வாயிலிருந்து நடுமையத்துக்கு வெட்ட வேண்டும். முட்டுக்கொடுக்கும் நார் வேண்டும் என்ற அதே காரணம்தான். திசை மாறியதால் வழி மாறுகிறது, அவ்வளவுதான். ஆனால் கிண்ணத்தில் ஒரு தொல்லை கூடுதலாக இருக்கிறது. ஒரு சுற்றுக்குள்ளேயே உளி இரண்டு இடத்தில் நாரின் பக்கவாட்டையும் இரண்டு இடத்தில் நாரின் வெட்டுமுனையையும் சந்திக்கிறது. நிமிடத்துக்கு 900 சுற்று என்றால் நொடிக்கு 15 சுற்று. அந்த ஒரு நொடியில் உளியின் முனையில் மரத்தின் தன்மை 60 முறை மாறுகிறது. எதிரெதிரான இரண்டு கால்பகுதிகளில் மட்டும் நார் பிய்ந்து வருவது இதனால்தான். கிண்ணத்தை நிறுத்திவிட்டு விரல் நுனியால் ஒரு சுற்றுத் தடவினால், எந்த இரண்டு இடம் என்று உடனே தெரியும். புதிதாகக் கற்கிறவர்களிடம், நிறுத்தித் தடவாமல் அடுத்த வெட்டுக்குப் போகாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

வேம்பைக் கடைந்தவர்களுக்கு இந்த வேதனை நன்றாகத் தெரியும். வேப்பமரத்தில் நார் ஒரே சாய்வில் ஓடுவதில்லை. வளர வளர ஒரு பக்கமும் மறுபக்கமுமாக மாறி மாறிச் சாய்ந்து பின்னிக்கொண்டிருக்கும். ஒரு பெரிய வேப்பங்கிண்ணத்தின் வெளிப்புறத்தில் ஒரு பட்டை கண்ணாடியாக வரும், அதை ஒட்டிய பட்டை முள்ளாக நிற்கும். அழுத்திச் சீவினால் இன்னும் மோசமாகும். பின்னிய நார் உள்ள எந்த மரத்திலும் எனக்குப் பலன் தந்த வழி இது: கடைசி வெட்டுக்கு முன் உளியைப் புதிதாகத் தீட்டுவேன். மரத்தின் மேல் லேசாகத் தண்ணீர் தடவி நாரை மென்மையாக்குவேன். அப்புறம் உளியின் விளிம்பை நேராக வைக்காமல் சுமார் 45 டிகிரி சாய்த்து, காகிதக் கனத்துக்குச் சீவுவேன். சாய்ந்த விளிம்பு நாரை இழுக்காமல் அரிந்துகொண்டே போகும். அந்த வெட்டில் சுருள் சுருளாக வராது, பஞ்சு போல மெல்லிய இழைகள்தான் உதிரும். அது வந்தால் வேலை சரியாக நடக்கிறது என்று அர்த்தம்.

உளியை மரத்தில் வைப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. கடைசலில் ஒரே ஒரு பழக்கத்தைத்தான் ஒருவருக்குக் கற்றுத்தர முடியும் என்றால் இதைத்தான் கற்றுத்தருவேன். முதலில் உளி டூல் ரெஸ்டின், அதாவது லேத்தில் உளியைத் தாங்கும் கட்டையின் மேல் உட்கார வேண்டும். அடுத்து பெவல், அதாவது விளிம்புக்குப் பின்னால் சாணை பிடித்த சரிவுப் பரப்பு, சுழலும் மரத்தில் உரச வேண்டும். இந்த நிலையில் எதுவும் வெட்டுப்படாது, உரசும் ஓசை மட்டும் கேட்கும். அதற்கப்புறம்தான் கைப்பிடியை மெல்ல உயர்த்த வேண்டும். ஒரு கட்டத்தில் விளிம்பு நாரைத் தொட்டுச் சீவல் கிளம்பும். இந்த மூன்று நிலையையும் லேத்தை ஓடவிடாமல், இடது கையால் மரத்தை மெதுவாகச் சுற்றிக்கொண்டே பழகலாம். சீவல் எந்தக் கோணத்தில் தொடங்குகிறது என்பதைக் கண்ணால் பார்த்துக்கொள்ள இதைவிட நல்ல வழி தெரியவில்லை.

ஏற்கெனவே வெட்டப்பட்ட பரப்பின் மேல் பெவல் வழுக்கிக்கொண்டு வருவதால்தான் உளிக்குத் திசை கிடைக்கிறது. பெவல் மரத்தை விட்டு எழுந்துவிட்டால் விளிம்புக்கு ஆதாரம் இல்லை. மரம் அதைக் கீழே இழுக்கும், இழுத்த வேகத்தில் இன்னும் ஆழமாகக் கவ்வும். கவ்வியதும் பெரிய சத்தம் கேட்கும், கிண்ணத்தில் ஒரு பள்ளம் விழும், சில சமயம் கிண்ணம் அதைக் கவ்விப் பிடித்திருக்கும் சக்கிலிருந்தே பிடுங்கிக்கொண்டு பறக்கும். கிண்ணத்தின் உட்புறத்தைத் தொடங்கும் இடம் இதில் மிக ஆபத்தானது. வாயின் ஓரத்தில் பெவல் உரச இன்னும் பரப்பே உருவாகியிருக்காது. அதனால் உளி வெளிப்பக்கமாகச் சறுக்கி ஓடப் பார்க்கும். அங்கே உளியின் குழிவு வானத்தைப் பார்க்காமல் பக்கவாட்டில் பார்க்கும்படி பிடித்து, முனையால் மட்டும் ஒரு சின்னக் காடி போட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் காடியின் சுவர் பெவலுக்கு முதல் ஆதாரமாகிவிடும். பிறகு நிதானமாக உள்ளே இறங்கலாம்.

கைகளுக்கு இதில் வேலை குறைவு. கைப்பிடியின் பின்முனை இடுப்பில் ஒட்டியிருக்க, கால்கள் விரிந்து நிற்க, உடம்பின் எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறும்போது உளி நகர வேண்டும். கிண்ணத்தின் நீண்ட வளைவு கால்களிலிருந்துதான் பிறக்கிறது. கையை மட்டும் நகர்த்தி வெட்டினால் அலை அலையாக மேடு பள்ளம் விழும். கண்ணும் உளி முனையில் இருக்கக் கூடாது. சுழலும் கிண்ணத்தின் மேல் விளிம்பில், பின்னால் இருக்கும் சுவருக்கு எதிரே அதன் உருவக்கோடு தெளிவாகத் தெரியும். நான் அதைத்தான் பார்த்துக்கொண்டு வெட்டுகிறேன். முனையைப் பார்க்கிறவருக்கு ஒரு புள்ளிதான் தெரியும். கோட்டைப் பார்க்கிறவருக்கு வடிவம் முழுதும் தெரியும்.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசல் உளிகளைத் தொகுப்பாக வாங்கினால் அதில் அகலமான, ஆழமான குழிவுள்ள ரஃபிங் கௌஜ் ஒன்று இருக்கும். சதுரக் கட்டையை உருளையாக்க அதைப்போல வசதியான உளி கிடையாது. ஆனால் அதைக் கிண்ணத்தின் பக்கம் கொண்டுபோகவே கூடாது. அதன் பிடிக்குள் போகும் வால்பகுதி மெல்லியது. நார் குறுக்கே இருக்கும் கிண்ணத்தில் அது கவ்வினால் வால் முறிந்து, உளித் துண்டு உங்களை நோக்கி வரும். கிண்ணத்துக்கு என்று தனியாக இருக்கும் பவுல் கௌஜ் தடித்த உருண்டைக் கம்பியில் குடைந்து செய்யப்பட்டது. அந்த அதிர்ச்சியைத் தாங்கும்.

இப்போது கார்பைடு முனை பொருத்திய கருவிகள் நிறைய வந்துவிட்டன. தீட்டத் தேவையில்லை, பழகுவதும் சுலபம். கடினமான, காய்ந்த மரத்தில் நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் தொடக்கமே அதுவாக இருப்பது எனக்குச் சம்மதமில்லை. சாதாரணமாகத் தட்டையாகப் பிடித்து ஓட்டும்போது அவை நாரைச் சுரண்டுகின்றன. சுரண்டப்பட்ட ஈரமரம் பிய்ந்த நாரோடு நிற்கும். பெவலை உரசவிட்டு வெட்டத் தெரிந்த பிறகு, எந்தக் கருவியை எங்கே எடுப்பது என்று உங்கள் கைக்கே தெரிந்துவிடும்.

தீட்டுவதைப் பற்றி ஒரு பத்தி. உளி மழுங்கினால் நாம் தானாக அழுத்தத் தொடங்குகிறோம். அழுத்தினால் மரம் அதிரும், நார் கிழியும். சுருளாக வந்துகொண்டிருந்த சீவல் தூளாக மாறுவதுதான் முதல் அறிகுறி. பவுல் கௌஜுக்கு 50 முதல் 55 டிகிரி பெவல் எனக்கு ஒத்துவருகிறது. நீளவாக்கு வேலைக்கான கௌஜுக்கு 35 முதல் 40 போதும். சாணை பிடிக்கும் முன் பெவல் முழுவதும் மார்க்கர் பேனாவால் மை தடவிவிட்டுச் சக்கரத்தில் லேசாகத் தொட வேண்டும். மை எங்கே அழிகிறதோ அங்கேதான் சக்கரம் படுகிறது. கோணம் சரியென்றால் அடி முதல் விளிம்பு வரை ஒரே சீராக அழியும். இன்றைய உளிகள் பெரும்பாலும் ஹை ஸ்பீட் ஸ்டீல். சாணையில் முனை நீலம் பாய்ந்தாலும் அதன் உறுதி போகாது. பழைய கார்பன் ஸ்டீல் உளி நீலம் பாய்ந்தால் அந்த இடம் மென்மையாகிவிடும். ஹை ஸ்பீட் ஸ்டீல் சூடேறியதும் தண்ணீரில் முக்குகிறவர்கள் உண்டு. அதில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் விழலாம், அப்படியே ஆறவிடுவது நல்லது.

வேகத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. கிண்ணத்தின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, நிமிடச் சுற்றோடு பெருக்கினால் 6000-க்கும் 9000-க்கும் இடையில் வர வேண்டும். 10 அங்குலக் கட்டைக்கு 600 முதல் 900 சுற்று. கோணல்மாணலான பச்சைக் கட்டையை முதலில் இதற்கும் கீழேதான் ஓட்ட வேண்டும். 10 அங்குலக் கிண்ணம் 900 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு மணிக்கு 43 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் ஒரு பெரிய மரத்துண்டு முகத்தை நோக்கி வருவதை மனதில் வைத்துக்கொண்டால் ஃபேஸ் ஷீல்டு போடச் சோம்பல் வராது. மூக்குக் கண்ணாடி மட்டும் போதாது, முகம் முழுதும் மூட வேண்டும். ஒருமுறை ஒரு மாங்கட்டை ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாகப் பிளந்து பறந்தது. பட்டைக்கு அடியில் வெளியே தெரியாத ஒரு வெடிப்பு. சுவிட்சைப் போடும்போது கட்டை சுழலும் தளத்துக்கு நேரே நிற்காமல் விலகி நிற்கும் பழக்கத்தால் அது என் பக்கத்தில் போய் விழுந்தது. கட்டையைச் சக்கில் மாட்டுவதற்கு முன் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது. பொத்தென்று ஒலித்தால் உள்ளே வெடிப்போ சொத்தையோ இருக்கலாம். மாட்டிய பிறகு கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, ரெஸ்டில் இடிக்கவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். கையுறை, மோதிரம், கழுத்துச் சங்கிலி, தொங்கும் சட்டைக் கை எதுவும் லேத் அருகில் இருக்கக் கூடாது.

இனி எனக்கு மிகப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன், பச்சை மரம்.

மனித உடல் உழைப்பில் லேத் ஓடிய காலத்தில் கிண்ணம் கடைந்தவர்கள் ஈரமரத்தைத்தான் தேடினார்கள். எகிப்தில் பெடோசிரிஸ் என்பவரின் கல்லறைச் சுவரில், கி.மு. 300-ஐ ஒட்டிய காலத்துச் சிற்பம் ஒன்று இருக்கிறது. ஒருவர் கயிற்றை இழுத்து மரத்தை முன்னும் பின்னும் சுழற்ற, மற்றவர் உளி பிடிக்கிறார். லேத்தைக் காட்டும் மிகப் பழைய காட்சிகளில் அது ஒன்று. இங்கிலாந்தின் பக்கிள்பரியில் ஜார்ஜ் லெய்லி, காலால் மிதித்து ஓட்டும் லேத்தில் வளைந்த கொக்கி உளிகளைக் கொண்டு ஒரே கட்டையிலிருந்து ஒன்றுக்குள் ஒன்றாகப் பல கிண்ணங்களைக் கடைந்து எடுத்தவர். 1958-இல் அவர் இறந்ததோடு அந்தத் தொழில்வழி அங்கே நின்றுபோனது, பிறகு புதிய தலைமுறை ஒன்று அதை மறுபடி கற்றுக்கொண்டது. கால் பலத்தில் காய்ந்த மரத்தைக் கடைவது பெரும்பாடு. ஈரநார் வெண்ணெயாக வெட்டுப்படும். மோட்டார் வந்த பிறகும் அந்த வசதி மாறவில்லை. பச்சை மரத்தில் தூசி பறக்காது, உளி சீக்கிரம் மழுங்காது, நீண்ட சுருள்கள் தோளைத் தாண்டிப் பறக்கும். அந்தச் சந்தோஷத்துக்காகவே நான் பச்சை மரத்தில் வேலை செய்கிறேன்.

ஆனால் மரம் காயும்போது கணக்கைத் தீர்த்துக்கொள்ளும். வெட்டிய மரத்தில் முதலில் நார்க் குழல்களுக்குள் இருக்கும் தண்ணீர் போகும். அதுவரை மரம் சுருங்காது, எடை மட்டும் குறையும். ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும் நாரின் சுவரிலேயே ஊறியிருக்கும் தண்ணீர் வெளியேறத் தொடங்குகிறது. சுருக்கம் அப்போதுதான் ஆரம்பம். அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இல்லை. நாரின் நீளவாக்கில் கிட்டத்தட்டச் சுருக்கமே இல்லை. நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் பல மரங்களில் 3 முதல் 5 சதவீதம். ஆண்டு வளையத்தைச் சுற்றிப் போகும் திசையில் அதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. வட்டமாகக் கடைந்த கிண்ணம் காய்ந்ததும் நீள்வட்டமாவதற்கு இதுதான் காரணம். நார் ஓடும் திசையில் விட்டம் அப்படியே இருக்கும், குறுக்கே குறையும்.

மரத்தின் நடுப்புள்ளி ஏன் ஆகாது என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது. சுற்றுவட்டம் அதிகம் சுருங்குகிறது, நடுவிலிருந்து வெளியே போகும் தூரம் குறைவாகச் சுருங்குகிறது. அந்த இழுபறி எங்காவது பிளந்துதான் தீர வேண்டும், நடுப்புள்ளியிலிருந்து வெளிப்பக்கம் பிளக்கிறது. அதனால் முழு உருளையைக் கிண்ணமாகக் கடையாதீர்கள். கட்டையை நடுவில் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, நடுப்புள்ளி இருக்கும் பகுதியை இரு பக்கமும் ஒரு அங்குலமாவது கழித்துவிடுங்கள். மரம் விழுந்த அன்றே வெட்டுமுனைகளில் மெழுகுக் குழம்போ தடித்த பெயின்ட்டோ பூசிவிடுங்கள். நாரின் வெட்டுமுனை வழியாகத்தான் தண்ணீர் மிக வேகமாக வெளியேறுகிறது. பக்கவாட்டைவிட அங்கே பல மடங்கு வேகம். முனை மட்டும் முதலில் காய்ந்து சுருங்க, உள்மரம் ஈரமாகவே இருந்தால் முனை வெடிக்கும். பூசுவதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட கட்டைகளை அடுத்த வாரம் விறகாகத்தான் பயன்படுத்த முடியும்.

பச்சை மரத்தைக் கையாள இரண்டு வழி உண்டு. முதலாவது இரண்டு முறை கடைவது. தேவையானதைவிடத் தடிமனாக ஒரு முரட்டுக் கிண்ணம் கடைந்து வைத்துவிடுவது. விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு சுவர்க் கனம் என்பது வழக்கமான கணக்கு: 10 அங்குலக் கிண்ணத்துக்கு ஒரு அங்குலச் சுவர். அடியும் அதே கனம். கோணினாலும் பிறகு வட்டமாக்க மரம் மிச்சமிருக்கும். கனம் எங்கும் ஒரே சீராக இருப்பது இதில் முக்கியம். அடி தடித்தும் சுவர் மெலிந்தும் இருந்தால் சுவர் முதலில் காய்ந்து இழுக்கும், சேருமிடத்தில் வெடிக்கும். முரட்டுக் கிண்ணத்தை அதன் சீவலோடு சேர்த்துக் காகிதப் பையில் போட்டு, வெயிலும் காற்றோட்டமும் படாத இடத்தில் வைக்கிறேன். பிளாஸ்டிக் பை வேண்டாம், பூஞ்சை பிடிக்கும். பையின் மேல் எடையை எழுதி வைத்து, சில வாரத்துக்கு ஒருமுறை தராசில் வைத்துப் பார்ப்பேன். எடை குறைந்துகொண்டே வந்து ஒரு கட்டத்தில் நின்றுவிடும். சுற்றியுள்ள காற்றின் ஈரத்தோடு மரம் சமநிலைக்கு வந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். எத்தனை மாதம் ஆகும் என்று கேட்கிறவர்களுக்கு நாள்காட்டியைப் பார்க்காதீர்கள், தராசைப் பாருங்கள் என்பேன்.

இரண்டாவது வழி ஒரே மூச்சில் மெல்லியதாகக் கடைந்து முடித்து, கோணுவதை அதன் போக்கில் விட்டுவிடுவது. சுவர் 4 முதல் 6 மில்லிமீட்டர் கனத்தில் சீராக இருந்தால் மரம் வெடிக்காமல் வளைந்துகொடுக்கும். இதை முடிக்கும் வரை நடுவில் எழுந்து போகக் கூடாது. அரை மணி நேரம் விட்டாலே வட்டம் மாறத் தொடங்கிவிடும், அதற்கப்புறம் உளி ஒரு பக்கம் தொடும், ஒரு பக்கம் தொடாது. உட்புறத்தைப் படிப்படியாக இறங்கிக் கடைய வேண்டும். வாய்ப் பக்கம் முதல் ஒரு அங்குலத்தை முழுக் கனத்துக்குக் கொண்டுவந்து முடித்துவிட்டுத்தான் அடுத்த அங்குலம். கீழே தடித்த மரம் இருக்கும் வரை சுவர் அதிராது. ஆழம் வரை குடைந்துவிட்டுத் திரும்ப வாய்ப் பக்கம் வந்தால், மெலிந்த சுவர் நடுங்கி உளியைக் கவ்வும். கனம் குறையக் குறைய வெட்டும் ஓசையும் மாறிக்கொண்டே வரும். கூடவே ஒரு விளக்கை வெளிப்பக்கம் வைத்தால், வெளிறிய ஈரமரத்தில் வெளிச்சம் ஊடுருவி உள்ளே தெரியும். ஒளி எங்கும் ஒரே நிறமாகத் தெரிந்தால் கனமும் ஒன்றுதான்.

எந்த மரம் என்பதில் எனக்குச் சில விருப்பங்கள் உண்டு. தூங்குமூஞ்சி மரம் மிகக் குறைவாகச் சுருங்கும். அகலமான தட்டுகளுக்கு அதை நம்பி எடுப்பேன். மாமரம் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். அதுவே அதன் அழகுமாகிறது. ஒரே கட்டையில் வேறு வேறு பூஞ்சைகள் சந்திக்கும் எல்லையில் கறுப்புக் கோடுகள் விழும், மை தொட்டு வரைந்ததைப்போல. ஆனால் அதிகம் விட்டால் மரம் மெத்தென்று இற்றுப்போய்விடும், உளியில் நிற்காது. தேக்கில் மணற்சத்து இருப்பதால் உளி விரைவில் மழுங்கும். வாகைத் தூள் தும்மலைக் கிளப்பும், ஈட்டி மரத்தின் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பைத் தரும்.

வடிவத்தைப் பற்றிப் பேசாமல் கலைக் கடைசலைப் பற்றிப் பேச முடியாது. 1930-களில் அமெரிக்காவில் ஜேம்ஸ் பிரெஸ்டினி மிக மெல்லிய, அலங்காரம் எதுவுமில்லாத கிண்ணங்களைக் கடையத் தொடங்கினார். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் அவை இடம்பெற்றன. கிண்ணத்தின் கோடு மட்டுமே போதும் என்பதை அவர் காட்டினார். 1970-களில் டேவிட் எல்ஸ்வொர்த் வளைந்த உளிகளைச் செய்துகொண்டு, சிறு துவாரம் வழியே உள்ளே குடைந்த மெல்லிய குடுவைகளைக் கடைந்தார். 1986-இல் உருவான அமெரிக்கக் கடைசல் கலைஞர் சங்கத்தின் முதல் தலைவரும் அவர்தான். அந்தக் குடுவைகளில் உளி முனை கண்ணுக்குத் தெரியாது, ஓசையையும் கையில் வரும் அதிர்வையும் வைத்தே உள்ளே வேலை நடக்கும். நார் நீளவாக்கில் நிற்கும் குடுவை என்றால் உட்புறத்தை மையத்திலிருந்து வெளிப்பக்கமாக வெட்ட வேண்டும். கிண்ணத்துக்குச் சொன்னதற்கு நேர் எதிர். கிண்ணம் பழகிய கைக்கு இது கொஞ்ச நாள் குழப்பமாகத்தான் இருக்கும்.

என் கண்ணுக்கு, அடிவிட்டம் வாய்விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் இருக்கும் கிண்ணம் எழுந்து நிற்கிறது. அதைவிட அகலமானால் கனத்து உட்கார்ந்துவிடுகிறது. வெளிவளைவு அடியிலிருந்து வாய் வரை எங்கும் தட்டையாகாமல், எங்கும் முறியாமல் போக வேண்டும். ஒரு மெல்லிய சங்கிலியின் இரு முனைகளையும் பிடித்துத் தொங்கவிட்டால் அது தானாக எடுக்கும் வளைவை உற்றுப் பாருங்கள். முனைகளை நெருக்கினால் ஆழக் கிண்ணம், விரித்தால் ஆழமில்லாத தட்டு. அதைக் காகிதத்தில் வரைந்து லேத்துக்குப் பின்னால் ஒட்டி வைத்துக்கொண்டு கடையலாம். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் வளைவைத் தடவுவதும் நல்ல சோதனை. கண் மன்னித்துவிடுகிற மேட்டைக் கை மன்னிக்காது. வடிவம் சரியில்லை என்றால் அப்போதே வெட்டிக் குறைக்க வேண்டும். அழகான ரேகை உள்ள மரம் மோசமான வளைவைக் காப்பாற்றிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ரேகையை முதல் நாள்தான் பார்ப்பார்கள். அதற்கப்புறம் தினமும் கண்ணில் படுவது வளைவுதான்.

உப்புத்தாள் போடுவதை நான் வெட்டும் வேலையின் பாக்கியாகத்தான் பார்க்கிறேன். தாளின் எண் ஏற ஏற அதன் மணல் நைசாகும். வெட்டு சுத்தமாக இருந்தால் 180-இல் தொடங்கலாம். நார் பிய்ந்திருந்தால் 80-க்கு இறங்க வேண்டும், அல்லது உளியைத் தீட்டி இன்னொரு வெட்டுப் போட வேண்டும். இரண்டாவதுதான் சீக்கிரம் முடியும். 120, 180, 240, 320 என்று ஒன்றையும் தாண்டாமல் போங்கள். ஒவ்வொரு தாளும் முந்தைய தாளின் கீறலை மட்டுமே அழிக்கும். லேத்தின் வேகத்தைக் குறைத்து, விரல் சுடாத அளவுக்கே அழுத்துங்கள். சூடு ஏறினால் வெட்டுமுனைப் பகுதியில் மயிரிழை விரிசல்கள் விழும். இந்தக் கட்டத்தில்தான் நுண்ணிய தூசி அதிகம் கிளம்பும். மரத்தூசி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995-இல் வகைப்படுத்தியிருக்கிறது. நல்ல வடிகட்டியுள்ள முகக்கவசம் இல்லாமல் உப்புத்தாளைத் தொடாதீர்கள். மெருகை ஓடும் லேத்தில் தேய்க்கும்போது துணியைப் பயன்படுத்த வேண்டாம். துணி சுழலில் சிக்கினால் விரலையும் சேர்த்து இழுக்கும். காகிதத் துடைப்பான் என்றால் கிழிந்துவிடும், விரல் தப்பிக்கும்.

மெருகில் அரக்குக்கு என் மனதில் தனி இடம். ஓடும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால் உராய்வின் சூட்டிலேயே உருகி நாரில் ஏறிவிடும். பளபளப்பு உடனே வந்துவிடும், ஆனால் சூட்டையும் சாராயத்தையும் அது தாங்காது. தினமும் புழங்கும் கிண்ணத்துக்கு ஆளிவிதை எண்ணெயோ டங் எண்ணெயோ மெல்லிய பூச்சுகளாகப் போடுகிறேன். ஒரு பூச்சு முழுதும் காய்ந்த பிறகுதான் அடுத்தது. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு உண்டாகும், கசங்கிய துணிக்குள் அந்தச் சூடு தேங்கித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துப் போட்டுக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவைத்து மூடியுள்ள உலோக டப்பாவில் போடுங்கள்.

கடைசி வேலை அடிப்பகுதி. சக் பிடித்திருந்த குமிழை நீக்க, கிண்ணத்தைக் கவிழ்த்து ஒரு மரக்குமிழில் வாயை வைத்து, லேத்தின் மறுமுனையில் நகரும் தாங்கியான டெயில்ஸ்டாக்கால் மெல்ல அழுத்தி ஓட்டுகிறேன். மரக்குமிழுக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் ஒரு துண்டுத் தோலோ ரப்பரோ இருந்தால் உட்புறத்தில் தடம் விழாது. அடியின் நடுப்பகுதியைக் கொஞ்சம் உள்ளே குழியாக விட வேண்டும். பிறகு மரம் சற்று அசைந்தாலும் கிண்ணம் ஆடாமல் ஓரத்தின் மேல் உட்காரும். அங்கே மரத்தின் பெயரையும் அது விழுந்த மாதத்தையும் கடைந்த மாதத்தையும் எழுதிவைப்பது என் வழக்கம். சில மழைக்காலமும் கோடையும் கழித்து அந்தக் கிண்ணத்தை மறுபடி கையில் எடுத்து, குறுக்கே எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று அளந்து பார்ப்பேன். அதே மரத்தில் அடுத்த முரட்டுக் கிண்ணத்துக்கு எவ்வளவு கனம் விட வேண்டும் என்பதை அந்த அளவை வைத்துத்தான் முடிவுசெய்கிறேன்.